இரண்டாவது பேட்டரிக்கு ஒரு சார்ஜர்: ஓரியன்-டி.ஆர். ஸ்மார்ட் 12/12-30, பதினான்கு மாதங்களுக்குப் பின்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் சிறு சமையல் மேடையும் அமைத்து, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு அதிலேயே தங்கிப் பயணம் செய்யத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வண்டிக்குள் எங்களுக்குத் தேவைப்படும் மின்சாரம் அதிகமில்லை. கம்ப்ரஸரோடு கூடிய 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டி ஒன்று, பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று, நான்கு எல்.இ.டி. விளக்குகள், தண்ணீர் பம்ப், கைப்பேசிகள், அவ்வளவுதான். ஆனாலும் இவற்றை இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்தே எடுத்தால் மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும் என்பதால், உட்புறத் தேவைகளுக்கென்று இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்தோம். அந்த இரண்டாவது பேட்டரியை ஓடும் வண்டியிலிருந்து சார்ஜ் செய்வதற்காகக் கடந்த பதினான்கு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் விக்ட்ரான் எனர்ஜி நிறுவனத்தின் ஓரியன்-டி.ஆர். ஸ்மார்ட் 12/12-30 என்ற சார்ஜரைப் பற்றியது இந்த மதிப்பீடு. சார்ஜரைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அதற்குப் போகும் வயரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு நேர்ந்த தொல்லைகள் எல்லாமே வயரில்தான் நேர்ந்தன.

முதலில் எங்கள் வண்டியில் இருந்தது இந்தச் சார்ஜர் அல்ல. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்து, சாவியைத் திருப்பியதும் இரண்டு பேட்டரிகளையும் இணைத்துவிடும் சாதாரண 40 ஆம்பியர் ரிலே ஒன்றை ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் பொருத்திக் கொடுத்தார். நல்ல அனுபவசாலி. நான் ஏதேதோ கேள்வி கேட்டபோது, "ஏனுங்க தம்பி, அதுவும் பேட்டரி, இதுவும் பேட்டரி. டைனமோ ஓடுனா ரெண்டுக்கும் சேர்ந்து ஏறிக்குமுங்க" என்றார். அவர் சொன்னது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று சிக்கல்கள் ஒளிந்திருந்தன என்பது எனக்கு ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது.

முதல் சிக்கல் ஸ்டார்ட் செய்யும்போது வந்தது. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதுமே ரிலே இரண்டையும் இணைத்துவிடுவதால், ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது அது கேட்கும் பெரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு இரண்டாவது பேட்டரியிலிருந்து, நாம் சார்ஜ் ஏற்றுவதற்காக இழுத்திருக்கும் மெல்லிய வயர் வழியாகப் பின்னோக்கிப் பாய்கிறது. மூன்றாவது வாரம் ஃப்யூஸ் போயிற்று, மாற்றினோம், மறுபடியும் போயிற்று. வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தியபோது, அங்கிருந்தவர் ஃப்யூஸின் இரு கால்களுக்கும் இடையே செம்புக் கம்பியின் இழைகளைச் சுற்றி, "இனிமே போகாதுங்க" என்று அனுப்பிவைத்தார். அதன்பின் ஃப்யூஸ் போகவில்லை என்பது உண்மைதான். ஒரு மாதம் கழித்து, இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில், ரப்பர் வளையம் இல்லாமல் தகரத்தின் விளிம்பிலேயே உரசிக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு வயரின் மேலுறை நகத்தளவுக்கு வழித்தெடுக்கப்பட்டு, உள்ளே செம்பு பளபளத்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். அந்தச் செம்பு பாடியைத் தொட்டிருந்தால், கம்பி சுற்றிய ஃப்யூஸ் எதையும் காப்பாற்றியிருக்காது.

அன்றுதான் நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வீட்டு வயரிங்கில் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. மெயினை அணைத்துவிட்டால் வயர் செத்துவிடும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் வயருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதன் இரண்டு முனைகளிலும் மின்மூலம் இருக்கிறது. முன் பேட்டரியின் முனையைக் கழற்றி வைத்துவிட்டாலும், ரிலே இணைப்பில் இருக்கும்வரை பின் பேட்டரி அந்த வயருக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு முனையில் மட்டும் ஃப்யூஸ் வைப்பது பாதிக் காவல்தான்; ஒவ்வொரு பேட்டரிக்கும் அருகில், கூடுமானவரை ஒரு சாண் தூரத்துக்குள், ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது வயரைத்தான் என்பதால், அதன் அளவை வயரின் தடிமனைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மெதுவாக வெளிப்பட்டது. இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 13.9 வோல்ட் காட்டியது. பின் பேட்டரியில் 13.3 தான். இடையில் காணாமல் போன 0.6 வோல்ட் வயரிலேயே வெப்பமாகிக்கொண்டிருந்தது. டியூபுலர் பேட்டரி முழுமையாக ஏற 14.4 வோல்ட் அளவில் சில மணி நேரம் நிற்க வேண்டும். பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறைந்து இந்த இழப்பும் குறையும் என்றாலும், நாங்கள் ஒரு நாளில் ஓட்டுவது இரண்டு மூன்று மணி நேரம். அதற்குள் அந்தக் கட்டம் வருவதே இல்லை. எப்போதும் அரைகுறையாக ஏறி இறங்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே போகும். ஒன்றரை ஆண்டுக்குள் எங்கள் பேட்டரி குளிர்சாதனப் பெட்டியை நள்ளிரவு வரைகூடத் தாங்காத நிலைக்கு வந்தது. போதாக்குறைக்கு, திறந்த மூடிகள் கொண்ட அந்த வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியிடுவதும், மலைப்பாதை வளைவுகளில் ஆசிட் கசிந்து இருக்கைச் சட்டத்தை அரிப்பதும், நாம் உறங்கும் அறைக்குள் வைக்கத் தகுந்த குணங்கள் அல்ல.

ஆகவே 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றுக்கு மாறினோம். மூன்றாவது சிக்கல் இங்கேதான் இருக்கிறது, அதுவும் பலர் கவனிக்காதது. இந்த வகை பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. வெறும் ரிலே வழியாக இணைத்தால், வயரும் ஆல்டர்னேட்டரும் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி, எலக்ட்ரீசியன் சொன்ன 'டைனமோ') கொடுக்க முடிந்த அளவுக்கு மின்னோட்டத்தை அது இழுத்துக்கொள்ளும். டிராஃபிக்கில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகவே சுழல்வதால், அது சூடேறிக் கருகும் வாய்ப்பு அதிகம். வோல்டேஜைப் பார்த்துத் தானே இணையும் வகை ரிலேக்களாலும் இதற்குத் தீர்வில்லை. அவை வழக்கமாக 13.3 வோல்ட்டை ஒட்டி இணைந்து, 12.8-ஐ ஒட்டிப் பிரியும். லித்தியம் பேட்டரி இன்ஜின் நின்றபின்னும் வெகுநேரம் 13.2 வோல்ட்டிலேயே நிற்கக்கூடியது என்பதால், ரிலே பிரியாமல் இரு பேட்டரிகளும் இரவில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். இரண்டைப் பிரித்து வைப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் செய்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

ஓரியன் போன்ற டி.சி.-டி.சி. சார்ஜர் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தீர்க்கிறது. முன் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, தனக்குச் சொல்லப்பட்ட வோல்டேஜுக்கு மாற்றி, தனக்குரிய அளவுக்கு மேல் போகாமல் பின் பேட்டரிக்குக் கொடுக்கிறது. இந்த மாடலின் அளவு 30 ஆம்பியர். உள்ளே 13.2 வோல்ட் வந்தாலும் வெளியே 14.2 கொடுக்கும், லித்தியத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 14.2-இல் ஏற்றி, 13.5-க்கு இறங்கி நிற்கும். பின்னோக்கி எதுவும் பாயாது என்பதால், ஸ்டார்ட் செய்யும்போது இரண்டாவது பேட்டரி பாதிக்கப்படுவதில்லை. லித்தியம் பேட்டரியின் உள்ளேயுள்ள பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் மின்சுற்று) ஏதோ காரணத்தால் திடீரெனத் துண்டித்துக்கொண்டாலும், அந்த அதிர்ச்சி நேராக ஆல்டர்னேட்டருக்குப் போகாது. இன்ஜின் ஓடுகிறதா என்பதை முன் பேட்டரியின் வோல்டேஜை வைத்தே அது கண்டுபிடிக்கிறது. சாதாரண ஆல்டர்னேட்டருக்கான தொழிற்சாலை அமைப்பில், 14 வோல்ட் வந்தால் உடனே தொடங்கும், 13.3-க்கு மேல் இருந்தால் இரண்டு நிமிடம் பொறுத்துத் தொடங்கும்; 13.1-க்குக் கீழே போனால் இன்ஜின் நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளும். இந்த எண்களைக் கைப்பேசிச் செயலி வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்த எண்களை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சார்ஜரைப் பொருத்த வந்த இன்னொரு எலக்ட்ரீசியன், ஏற்கெனவே வண்டியில் கிடந்த 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு) வயரையே பயன்படுத்திக்கொண்டார். "முப்பது ஆம்பியர்தானே சார், சிக்ஸ் ஸ்கொயர் தாராளமா தாங்கும்" என்றார். வயர் உருகாது என்ற அளவில் அவர் சொன்னது சரியே. முதல் பயணத்தில் பக்கத்து இருக்கையிலிருந்த என் மனைவி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "என்னங்க, இது சார்ஜ் ஆகுதுன்னு சொல்லுது, கொஞ்ச நேரத்துல நின்னுடுது, மறுபடி ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆகுதுன்னு சொல்லுது" என்றார். அன்னூர் தாண்டும்வரை இதே கதைதான். சார்ஜர் பழுதென்று முடிவு செய்து, திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 ஆம்பியரை 14.2 வோல்ட்டில் வெளியே கொடுக்க வேண்டுமென்றால் 426 வாட். இந்தச் சார்ஜரின் திறன் 87 சதவீதம் என்பதால், உள்ளே ஏறக்குறைய 490 வாட் வர வேண்டும். 13.5 வோல்ட்டில் அது 36 ஆம்பியர். அதாவது உள்வரும் வயரில் ஓடுவது 30 இல்லை, 36. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். எங்கள் வண்டியில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று 10 மீட்டர் வயர் இருந்தது. 6 ஸ்கொயரில் இதன் தடை 0.029 ஓம், 36 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகவே இழப்பு. முன் பேட்டரியில் 13.9 இருந்தாலும் சார்ஜரின் முனைக்கு வந்து சேர்வது 12.85. சார்ஜர் அதைப் பார்த்து இன்ஜின் நின்றுவிட்டதென்று நினைத்துக்கொண்டு நிறுத்துகிறது. நிறுத்தியதும் வயரில் ஓட்டமில்லை, இழப்புமில்லை, வோல்டேஜ் மறுபடி 13.9-க்கு ஏறுகிறது. இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குகிறது. கருவி தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

அதே தூரத்துக்கு 16 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட் மட்டுமே. இந்தச் சார்ஜரின் திருகு முனைகளில் நுழையக்கூடிய அதிகபட்ச அளவும் அதுதான். செலவைப் பார்க்காமல் வயரை முழுவதும் மாற்றினேன். கடையில் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை: கார் ஆடியோவுக்கென்று தடியாகவும் மலிவாகவும் கிடைக்கும் வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அவற்றின் தடை அதிகம். மேலே போட்ட கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

பழைய வயரை உருவியபோது, அதன் முனையிலிருந்த லக் (வயரைப் போல்ட்டில் மாட்ட உதவும் உலோக முனை) என் கையோடு வந்துவிட்டது. சுத்தியலால் தட்டி நசுக்கி வைத்திருந்திருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் செம்பு இழைகளில் பாதி லக்கைத் தொடவே இல்லை. தொட்டிருந்தவை கறுத்துப் போயிருந்தன. 0.029 ஓம் என்று நான் தாளில் போட்ட கணக்கு இதைச் சேர்க்காதது. இந்த முறை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்து நான்கு லக்குகளையும் அழுத்தி வாங்கினேன். நல்ல கிரிம்பை அறுத்துப் பார்த்தால் இழைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே உலோகக் கட்டிபோல் இருக்கும் என்று கடைக்காரர் ஒன்றை அறுத்தே காட்டினார். எர்த் இணைக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, வெறும் உலோகத்தின் மேல் பல் வாஷர் வைத்து முறுக்கினோம். முன் பேட்டரி அருகில் ஒரு 60 ஆம்பியர் ஃப்யூஸ், பின் பேட்டரி அருகில் இன்னொன்று. தகரத் துளைக்கு ரப்பர் க்ரோமெட், வயர் முழுவதற்கும் வரிவரியான பிளாஸ்டிக் குழாய். அதன்பின் இன்றுவரை இடையில் நின்று தொடங்கும் கதை இல்லை.

சார்ஜரை எங்கே வைப்பது என்பதையும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முன் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து நீளமான வயரைப் பின் பேட்டரிக்கு இழுப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் இது 14.2 வோல்ட்டை அளப்பது தன் முனையில்தான். அதற்குப் பின்னால் வரும் வயரின் இழப்பு அதற்குத் தெரியாது. உள்வரும் பக்கத்தில் 0.4 வோல்ட் போனால் கருவி ஈடுசெய்துகொள்ளும். வெளிச்செல்லும் பக்கத்தில் போனால் அது பேட்டரிக்கு நட்டம். ஆகவே சார்ஜர் இரண்டாவது பேட்டரிக்கு அருகில், இரண்டடி தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்ஜின் அறையின் சூடும் தண்ணீரும் இதற்கு ஆகாது என்பது கூடுதல் காரணம்.

சூடு என்றதும் இந்த மாடலின் பெரிய குறைக்கு வருகிறேன். இதில் விசிறி கிடையாது. அலுமினியத் துடுப்புகள்தான் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. 490 வாட் வாங்கி 426 கொடுக்கும் கருவி மீதி 64 வாட்டை வெப்பமாகவே விடும். ஒரு பழைய குண்டு பல்பைச் சின்னப் பெட்டிக்குள் எரியவிட்டது போல. நிறுவனத்தின் தகவல் தாளிலேயே 25 டிகிரியில் 430 வாட், 40 டிகிரியில் 360 வாட், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 3 சதவீதம் குறையும் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள், இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் 50 டிகிரி என்பது வியப்பில்லை. அப்போது 360-இல் 30 சதவீதம் போய் 252 வாட், அதாவது ஏறக்குறைய 18 ஆம்பியர்தான் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் 30 என்று எழுதியிருப்பதை நம் ஊர் வெயிலில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அதைச் செங்குத்தாக, மேலும் கீழும் ஒரு கை அகலம் இடம்விட்டுப் பொருத்தி, கணினியிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூடிய பிளைவுட் அலமாரிக்குள், துணிமணிகளோடு சேர்த்து வைப்பது ஆபத்து.

அடுத்த குறை செயலியில் இருக்கிறது. ப்ளூடூத் வழியாக இணைந்து, உள்வரும் வோல்டேஜ், வெளிச்செல்லும் வோல்டேஜ், எந்தக் கட்டத்தில் சார்ஜ் ஆகிறது என்பதையெல்லாம் தெளிவாகக் காட்டும் இந்தக் கருவி, எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை மட்டும் காட்டாது. சமையல்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உப்பு எவ்வளவு என்பதை மட்டும் மறைப்பது போன்றது இது. டி.சி. அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் வாங்கித்தான் நான் தெரிந்துகொண்டேன், வீட்டு ஏ.சி. வயரை மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. இதே நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஓரியன் எக்ஸ்.எஸ். 12/12-50 மாடல் ஆம்பியரையும் காட்டுகிறது, திறன் 98.5 சதவீதம் வரை என்பதால் வெப்பமும் மிகக் குறைவு. புதிதாக வாங்குபவர்கள் விலை வித்தியாசத்தைப் பார்த்து அதையே பரிசீலிக்கலாம். ஆனால் 50 ஆம்பியருக்கு வயர் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், ஆல்டர்னேட்டரின் அளவையும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது குழப்பும் இன்னொரு விஷயம், இந்த மாடல் இரண்டு வகைகளில் வருவது. நெகட்டிவ் பக்கம் உள்ளேயே இணைந்திருப்பது ஒன்று, முற்றிலும் பிரிந்திருப்பது மற்றொன்று. இரு பேட்டரிகளின் நெகட்டிவும் பாடியிலேயே முடியும் நம் வண்டிகளுக்கு முதல் வகையே போதும்.

பலனைச் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 45 வாட் எடுக்கும். பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 540 வாட் மணி, அதாவது 42 ஏ.எச். விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்து 60 ஏ.எச். என்று வைத்துக்கொள்ளலாம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால், பர்லியார் ஏறுவதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. ரிலே காலத்தில் இதே பயணத்தின் முடிவில் பின் பேட்டரி பாதியில் நிற்கும்.

உதகைக் குளிரைப் பற்றி ஒரு குறிப்பு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சென்ற தை மாதம் உறைபனி விழுந்த ஓர் அதிகாலையில் இன்ஜினைக் கிளப்பியதும், செயலியில் வெளிச்செல்லும் வோல்டேஜ் வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று 14.2-க்கு ஏறி நின்றது; கிளாம்ப் மீட்டரை வைத்தால் பூஜ்யம். பேட்டரியின் பி.எம்.எஸ். கதவை மூடிக்கொண்டது என்று பொருள். வண்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்து, ஜன்னலைச் சற்றுத் திறந்துவிட்டு, காப்பி போட்டுக் குடித்து முடிப்பதற்குள் மீட்டர் 28 ஆம்பியர் காட்டத் தொடங்கியது.

இரண்டு விளக்கும் கைப்பேசியும் மட்டும் போதுமென்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. கூரையில் 100 வாட் சோலார் தகடு ஒன்று போதும். குளிர்சாதனப் பெட்டி வைப்பவர்கள், லித்தியத்துக்கு மாறுபவர்கள், மழைக்காலத்தில் பயணம் செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஆம்பியரைக் காட்டாததற்கு அரை நட்சத்திரத்தையும் வெப்பத்துக்கு அரை நட்சத்திரத்தையும் கழித்திருக்கிறேன். பொருத்துபவரிடம் சார்ஜரைக் கொடுப்பதற்கு முன், வயர் எத்தனை ஸ்கொயர், போக வர எத்தனை மீட்டர், ஃப்யூஸ் எந்தெந்த முனையில், லக்கை எதைக் கொண்டு அழுத்துவீர்கள் என்ற நான்கையும் கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.